பரீட்சையை முடிச்சிட்டுக் குழந்தையா, குழந்தை வந்தப்புறம் பரீட்சையா?

நாலுபாக்கி | 05-01-2026, இரவு 9:40

வயசு 31. ஏசிசிஏ-வில் (பிரிட்டிஷ் கணக்காளர் தகுதிப் படிப்பு) ஒன்பது பேப்பர் முடிஞ்சுது, கடைசிக் கட்டமான ஸ்ட்ராட்டஜிக் நாலும் பாக்கி. முழுநேர வேலை. மெம்பர்ஷிப் கையில் வந்தப்புறம்தான் குழந்தைன்னு வெச்சுக்கிட்டா ஒன்றரை வருஷம் போதும்னு என் கணக்கு. சரியா? பிள்ளை பிறந்தா யாராலயும் படிக்க முடியாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. எல்லாரும்னா பரீட்சையே எழுதாதவங்களும் சேர்த்து.

பேரேடு | 05-01-2026, இரவு 10:25

முன்னா பின்னா என்று கேட்டால் பதில் கிடைக்காது. எந்தப் பகுதியை நடுவில் நிறுத்தினால் கெட்டுப்போகும், எது நிறுத்தினாலும் அப்படியே இருக்கும் என்று பிரித்துப் பாருங்கள்.

ஏசிசிஏ-வில் கீழ் இரண்டு கட்டத்துக்கும் காலக்கெடு கிடையாது. நீங்கள் முடித்த ஒன்பதும் பத்திரம். ஸ்ட்ராட்டஜிக் கட்டத்துக்கு மட்டும் ஏழு வருடம். அது ஆரம்பிப்பது அந்தக் கட்டத்தில் முதல் பேப்பர் பாஸான நாளில் இருந்து. உங்களுக்கு இன்னும் கடிகாரமே ஓட ஆரம்பிக்கவில்லை. ஓட ஆரம்பித்தாலும் வருடத்துக்கு நாலு சிட்டிங் (தேர்வுச் சுற்று) வீதம் 28 வாய்ப்பு, நாலு பேப்பர். கெடுவால் உங்களுக்குத் தொந்தரவு வரப்போவதில்லை. மறதியால் வரும்.

இருப்பாய்வு | 06-01-2026, காலை 7:10

ஒன்றரை வருஷம்ங்கிற கணக்கை யாரும் தொடலையே.

ஒரு ஸ்ட்ராட்டஜிக் பேப்பருக்கு 150 மணி நேரம்னு வைங்க. வேலைக்குப் போய்க்கிட்டே வாரத்துக்கு 10 மணி நேரம்னா 15 வாரம். ஆனா ஒரு சிட்டிங்குக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 13 வாரம்தான். அதனால சிட்டிங்குக்கு ஒண்ணுன்னு போகணும்னா வாரம் 12 மணி நேரம், ஒரு வாரம்கூட விடாம. மார்ச்சுக்கு இனி நேரம் பத்தாது. ஜூன், செப்டம்பர், டிசம்பர், 2027 மார்ச். கடைசி ரிசல்ட் 2027 ஏப்ரல். நாலில் ஒண்ணு போச்சுன்னா ஜூலை. இந்தக் கட்டத்துப் பேப்பர்கள்ல பாஸ் விகிதம் பாதியைச் சுத்தித்தான் நிக்கும். அதனால "ஒண்ணு போச்சுன்னா"ங்கிறது பயமுறுத்தல் இல்ல, பட்ஜெட்ல போட வேண்டிய வரி.

அப்புறம்தான் முயற்சியே. ஒரு வருஷம் முயற்சி பண்ற ஜோடிகள்ல பத்துக்கு எட்டுக்கு மேல கருத்தரிக்கிறாங்க. அதாவது மீதிப் பேருக்கு ஒரு வருஷம் தாண்டும். 2027 ஏப்ரல்ல ஆரம்பிச்சா சீக்கிரமே நடந்தாலும் பிள்ளை 2028 தொடக்கம், மெதுவா நடந்தா 2029. 31 அப்ப 34 ஆயிருக்கும். தப்புன்னு சொல்லல, எக்ஸெல்ல இந்த வரிசையும் இருக்கணும்.

மூன்றாம்முயற்சி | 06-01-2026, காலை 7:52

35 தாண்டினா முடியவே முடியாது, முதல்ல குழந்தை!

தணிக்கைக்காரி | 06-01-2026, காலை 8:30

முடியவே முடியாது என்று யாரும் சொல்லவில்லை. 35 ஒரு பள்ளம் அல்ல, சரிவு. அதன் பிறகு சரிவு கொஞ்சம் வேகமாகும். நடைமுறையில் அந்த எண் எங்கே உதவும் என்றால், 35-க்குக் கீழே 12 மாதம் முயன்றும் ஆகவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள் என்பார்கள்; 35-ம் அதற்கு மேலும் என்றால் 6 மாதத்திலேயே. ஆக, தள்ளிப்போடும்போது முயற்சி தொடங்கும் தேதி மட்டும் நகர்வதில்லை, எவ்வளவு நாள் காத்திருக்கலாம் என்பதும் சுருங்குகிறது.

"ஏஎம்எச் டெஸ்ட் நல்லா வந்துது, அதனால் இரண்டு வருடம் தள்ளலாம்" என்பதும் சரியான வாதம் அல்ல. அது கருமுட்டை இருப்பின் அளவைக் காட்டுமே தவிர, இயற்கையாகக் கருத்தரிக்கும் வாய்ப்பை நன்றாகக் கணிக்காது. கணவர் தரப்பில் விந்துப் பரிசோதனை எளிமையானது. ஆனால் அதைக் கடைசியாகத்தான் செய்வார்கள், ஏனோ.

பேரேடு | 06-01-2026, இரவு 9:05

மறதி என்றேன். விளக்குகிறேன்.

எஸ்பிஆர் (மேல்நிலை நிதி அறிக்கையிடல்) பேப்பர், நீங்கள் முடித்த எஃப்ஆர் (நிதி அறிக்கையிடல்) மேல் நிற்கிறது. விருப்பப் பேப்பராக ஏஏஏ (மேல்நிலைத் தணிக்கை) எடுத்தால் அது ஏஏ (தணிக்கை) மேலும் எஸ்பிஆர் மேலும் சேர்ந்து நிற்கிறது. பாதிக் கேள்வி கணக்கியல் தரநிலையைத் தெரிந்துகொண்டுதான் எழுத முடியும். இரண்டு வருடம் விட்டால் இவை உதிரும். தரநிலையும் சும்மா இருக்காது. ஐஏஎஸ் 1 என்ற சர்வதேசக் கணக்கியல் தரநிலைக்குப் பதிலாக ஐஎஃப்ஆர்எஸ் 18 வந்துவிட்டது. 2027 ஜனவரி 1 முதல் தொடங்கும் கணக்காண்டுகளுக்கு அமல். லாப நட்ட அறிக்கையை இயக்கம், முதலீடு, நிதி என்று வகை பிரிக்க வேண்டும், நிர்வாகமே வரையறுத்த செயல்திறன் அளவுகளைக் குறிப்பில் விளக்க வேண்டும். பழைய நோட்ஸை வைத்துக்கொண்டு 2028-இல் உட்கார்ந்தால் முதல் பக்கத்திலேயே தடுக்கும்.

எஸ்பிஎல் (வணிகத் தலைமை) பேப்பர் அப்படி இல்லை. மனப்பாடம் குறைவு, ஒரு நிறுவனத்தின் சூழலைப் படித்து அறிக்கையாக எழுதும் திறன்தான். 2023 செப்டம்பர் முதல் அதற்கு முன்தகவலை (கேள்வியில் வரும் நிறுவனத்தின் பின்னணிக் குறிப்பு) இரண்டு வாரம் முன்பே தருகிறார்கள், தேர்வு நேரமும் மூன்றே கால் மணி ஆனது. இடைவெளி விட்டுத் திரும்பி வருபவர்களுக்கு இதுதான் தோதான பேப்பர்.

ஆகவே முன்னால் எஸ்பிஆர், ஒட்டியே ஏஏஏ. பின்னால் எஸ்பிஎல். இன்னொரு விருப்பப் பேப்பர் எங்கே வேண்டுமானாலும். ஏடிஎக்ஸ் (மேல்நிலை வரி) என்றால் மட்டும் கவனம்: வரி வருடத்தோடு கட்டியது, பாதி படித்து நிறுத்திய வரிப்பாடம் தயிர் மாதிரி, புளித்துவிடும்.

மூன்றாம்முயற்சி | 07-01-2026, மதியம் 1:15

இந்தியாவோட சிஏ (சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்) பக்கம் இது வேற கதை. அங்க நிறுத்த முடியாத பெரிய கட்டி ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஒரு சிஏ-கிட்ட செய்யுற கட்டாயப் பயிற்சி. புது திட்டத்துல மூணு வருஷம் ரெண்டாச்சு, ஆனா லீவும் வருஷத்துக்கு 12 நாள்னு சுருங்கிடுச்சு. பகுதிநேரமா செய்ய முடியாது. கர்ப்பகாலத்தை அதுக்குள்ள திணிக்கிறதைவிட, முடிச்சு வெளிய வந்து ஆறு மாச இடைவெளியில ஃபைனலுக்குப் படிக்கிற காலத்துல வைக்கிறதுதான் உடம்புக்கு நல்லது.

குரூப் விஷயம் (ஃபைனல் பேப்பர்கள் ரெண்டு குரூப்பா பிரிஞ்சிருக்கும்) இன்னும் முக்கியம். ஒவ்வொரு பேப்பர்லயும் 40, குரூப் மொத்தத்துல 50 சதவீதம். ரெண்டு குரூப்பையும் ஒண்ணா எழுதினா ஒரு குரூப்போட உபரி இன்னொண்ணைத் தாங்கும். சரிதான். ஆனா ஆறு பேப்பரையும் ஒரே மூச்சுல தூக்கணும். உடம்பு நிச்சயமில்லாத காலத்துல குரூப் குரூப்பா போறதே மேல். ஒரு குரூப் பாஸ்னா பாஸ்தான்.

அப்புறம் யாரும் கவனிக்காத ஒண்ணு. 60 எடுத்த பேப்பருக்குக் கிடைக்கிற எக்ஸெம்ப்ஷன் (அதைத் திரும்ப எழுத வேண்டாம்ங்கிற சலுகை) அடுத்த மூணு அட்டெம்ப்ட் வரைக்கும். ஃபைனல் வருஷத்துக்கு ரெண்டு தடவை நடந்தப்ப அது ஒன்றரை வருஷம். 2025-ல மூணு தடவை ஆக்கினாங்க. அதே மூணு அட்டெம்ப்ட் இப்ப ஒரே வருஷம்! கர்ப்பமும் முதல் மூணு மாசமும் சேர்ந்தாலே அது தீர்ந்துடும். நிரந்தரமா வெச்சுக்கிற வழியும் புதுத் திட்டத்துல இருக்கு, ஆனா பதிலுக்கு மீதி பேப்பர்கள்ல தேவைப்படுற மார்க் ஏறும். அடிக்கடி பரீட்சை வந்தா எல்லாருக்கும் நல்லதுன்னு கைதட்டினோம்ல.

இருப்பாய்வு | 07-01-2026, மதியம் 1:40

சிஏ-ல வரியும் இப்பதான் மாறுது. 1961 சட்டம் போய் வருமான வரிச் சட்டம் 2025, இந்த ஏப்ரல் 1 முதல். 536 பிரிவு, எண்ணெல்லாம் பெரும்பாலும் புதுசு, முந்தைய ஆண்டு மதிப்பீட்டு ஆண்டு ரெண்டும் போய் "வரி ஆண்டு". நேரடி வரிப் பேப்பரைப் பழைய சட்டத்துல பாதி படிச்சிருக்கிறவங்க இடைவெளி விடற முன்னாடி எந்த அட்டெம்ப்டுக்கு எந்தச் சட்டம்னு ஐசிஏஐ (சிஏ நடத்துற அமைப்பு) அறிவிப்பைப் பாத்துக்கோங்க. அதைப் பாக்காம விட்டா பிரிவு எண் முதற்கொண்டு திரும்பப் படிக்கணும்.

தணிக்கைக்காரி | 07-01-2026, இரவு 10:50

நாலுபாக்கிக்கு ஒரு சின்னக் கணக்கு. சிட்டிங் இடைவெளி 13 வாரம். கர்ப்பத்தின் நடுப்பகுதி 14 முதல் 27-ஆம் வாரம் வரை, அதாவது 14 வாரம். எந்த மாதத்தில் கருத்தரித்தாலும் ஒரு சிட்டிங்காவது இந்த நல்ல காலத்துக்குள் விழுந்தே தீரும். குமட்டல் அடங்கி, வயிறு இன்னும் மேசையில் இடிக்காத காலம்.

இருப்பாய்வு | 07-01-2026, இரவு 11:20

தேர்வு நாள் விழும், சரி. படிப்பு எங்க விழும்? 15-ஆம் வாரம் தேர்வுன்னா படிக்கிறது 3-லேர்ந்து 15. குமட்டலும் தூக்கமும் மொத்தமா அந்த வாரங்கள்ல. சாயங்காலம் ஏழு மணிக்கே கண்ணு சொக்கும்போது கன்சாலிடேஷன் (குழும நிறுவனக் கணக்குகளைச் சேர்க்கிறது) வராது. 26-ஆம் வாரம் தேர்வுன்னா படிப்பு 14-லேர்ந்து 26, அருமை.

அதனால கருத்தரிச்சது உறுதியானதும் எண்ணிப் பாருங்க. அடுத்த சிட்டிங் 20-ஆம் வாரத்துக்கு முன்னாடி விழுதுன்னா அதுக்குப் புதுப் பேப்பர் எடுக்காதீங்க. ஏற்கெனவே படிச்சு ஒரு தடவை தவறவிட்ட பேப்பர் இருந்தா அதை மட்டும். 20-க்கு அப்புறம்னா புதுசு எடுக்கலாம். 34-க்கு மேலன்னா பேர் குடுக்காம இருக்கிறதே நல்லது, பிள்ளைகள் 37-ஆம் வாரத்துலயும் வரும்.

பேரேடு | 08-01-2026, காலை 6:30

இதைப் பார்த்தபின் என் வரிசையைத் திருத்துகிறேன். எஸ்பிஎல்லைப் பிறகு என்றது பிரசவத்துக்குப் பிறகான காலத்துக்கு. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் அதை வைக்காதீர்கள். முன்தகவல் வரும் அந்த இரண்டு வாரத்தில்தான் அலசலே நடக்கும். அந்த இரண்டு வாரம் வாந்தியோடு போனால் மூன்று மாத உழைப்பும் வீண். எஸ்பிஆரில் உழைப்பு பரவலாக இருக்கும். நாலு மோசமான நாளை அது தாங்கும்.

மூன்றாம்முயற்சி | 08-01-2026, காலை 9:00

ஐஏஎஸ் 37-ன்படி குழந்தை ஒரு ப்ரொவிஷன் (வரப்போற செலவுக்கான ஒதுக்கீடு). காலமும் தொகையும் நிச்சயமில்லை, ஆனா பணம் வெளியே போறது உறுதி.

தணிக்கைக்காரி | 08-01-2026, காலை 9:04

சொத்தாகக் காட்டலாமே என்றால் முடியாது. கட்டுப்பாடு நம்மிடம் இல்லை.

நாலுபாக்கி | 08-01-2026, இரவு 8:15

சிரிச்சு முடியல. ஒரு கேள்வி: பிறந்தப்புறம் வீட்லேர்ந்தே ஆன்லைன்ல எழுதலாம்னு நினைச்சேன். அது சுலபம்தானே?

தணிக்கைக்காரி | 08-01-2026, இரவு 9:30

அந்தக் கதவு மூடுகிறது. 2026 மார்ச் முதல் வீட்டிலிருந்து எழுதுவது விதிவிலக்கான சூழலுக்கு மட்டும் என்று ஏசிசிஏ அறிவித்துவிட்டது. மற்றவர்கள் மையத்துக்குத்தான் போக வேண்டும். இருந்த காலத்திலும் கைக்குழந்தை வீட்டுக்கு அது தோதாக இருந்ததில்லை. அறைக்குள் வேறு ஆள் நுழைந்தாலோ குரல் கேட்டாலோ கண்காணிப்பாளர் தேர்வையே நிறுத்தலாம். பக்கத்து அறையில் பாலுக்கு அழுகிற பிள்ளையிடம் விதிமுறையைப் படித்துக் காட்ட முடியாது.

மையத்தில் எழுதுவதென்றால் முன்கூட்டியே செய்ய வேண்டியவை: கர்ப்பமோ தாய்ப்பால் கொடுப்பதோ என்றால் கூடுதல் இடைவேளை, கழிப்பறை அருகில் இருக்கை போன்றவற்றுக்கு மருத்துவர் கடிதத்தோடு விண்ணப்பம். தேர்வுக்குப் பேர் கொடுக்கும்போதே அனுப்புங்கள். கடைசி வாரம் கேட்டால் மையத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

ஐந்தொகை | 09-01-2026, காலை 5:45

அமெரிக்கக் கணக்காளர் தேர்வான சிபிஏ எழுதுபவர்களுக்கு இடைவேளை விதி வேறு. நாலு மணி நேரம், ஐந்து டெஸ்ட்லெட் (கேள்வித் தொகுப்பு). மூன்றாவது முடிந்ததும் 15 நிமிடம், கடிகாரம் நிற்கும். மற்ற டெஸ்ட்லெட்டுகளுக்கு நடுவே எழுந்து போகலாம், ஆனால் கடிகாரம் ஓடும். ஏழாம் மாதத்தில் இது விளையாட்டு இல்லை. 15 நிமிட இடைவேளையை "வேண்டாம், தொடர்கிறேன்" என்று தாண்டுகிற பழக்கத்தை மாதிரித் தேர்வில்கூட வைக்காதீர்கள்.

அங்கே கெடுதான் முக்கியம். ஒரு பகுதி பாஸானால் மீதி மூன்றையும் முடிக்க முன்பு 18 மாதம், இப்போது பெரும்பாலான மாநிலங்களில் 30. கர்ப்பத்துக்கு ஒன்பது மாதம், பிறந்தபின் ஆறு மாதம் என்று விட்டாலும் 15 மிச்சம் இருக்கும். பழைய விதியில் மூன்று மாதம்தான் இருந்திருக்கும். எஃப்ஏஆர் (நிதிக் கணக்கியல் பகுதி) பெரிசு, அதை முதலில் முடியுங்கள். தவறினாலும் கடிகாரம் ஆரம்பிக்காது.

பிரிட்டனின் மேலாண்மைக் கணக்காளர் படிப்பான சிமாவையும் இந்த மாதிரிப் பிரிக்கலாம். அப்ஜெக்டிவ் டெஸ்ட் 90 நிமிடம், 60 கேள்வி, வேண்டிய நாளில் எழுதலாம், கைக்குழந்தையோடு முடியும். கேஸ் ஸ்டடி பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பரில் மட்டும். அதைப் பிரசவத்துக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ தள்ளுங்கள்.

இருப்பாய்வு | 09-01-2026, இரவு 9:50

பிறந்தப்புறம் படிக்கவே முடியாதாங்கிறதுக்கு வர்றேன். பிறந்த பிள்ளை 24 மணி நேரத்துல 8-லேர்ந்து 12 தடவை பால் குடிக்கும். அப்படின்னா உங்க கையில கிடைக்கிற துண்டு ரெண்டு மணி நேரத்துக்குக் கீழ, அதுலயும் தூங்கணும். முதல் மூணு மாசம் எதுவும் திட்டம் போடாதீங்க. அப்புறமா 25 நிமிஷத் துண்டுல எது நடக்கும், எது நடக்காதுன்னு பாருங்க. எம்சிக்யூ (சரியான விடையைத் தேர்வு செய்யுற கேள்வி) நடக்கும். ஏசிசிஏ-வோட எதிக்ஸ் மாட்யூல் (தொழில்நெறிப் பாடம்) நடக்கும், மெம்பர்ஷிப்புக்கு எப்படியும் வேணும், விட்ட இடத்துலேர்ந்து தொடரலாம். முழு எஸ்பிஆர் கேள்வி நடக்காது. கேள்வியைப் படிச்சு மனசுல ஏத்தவே பத்து நிமிஷம், எழுத 50 நிமிஷம். வாரத்துக்கு ரெண்டு தடவை தடையில்லாத மூணு மணி நேரம் வேணும். அந்த ஆறு மணி நேரத்தை யார் பிள்ளையைப் பாத்துத் தருவாங்கன்னு பேரோட கிழமையோட எழுத முடியலன்னா பரீட்சைக்குப் பேர் குடுக்காதீங்க. "எல்லாரும் பாத்துப்பாங்க"ன்னா யாரும் பாக்கமாட்டாங்க.

படிக்கிறது அப்பாவா இருந்தாலும் இதே விதிதான். அவருக்கு வயிறு இல்ல, ராத்திரி உண்டு.

தணிக்கைக்காரி | 10-01-2026, காலை 11:15

கை. கர்ப்பத்தில் நீர்க்கோப்பால் மணிக்கட்டு நரம்பு அழுந்தி, கட்டைவிரல் பக்கத்து விரல்கள் மரத்துப்போவது உண்டு, பின்மாதங்களில் அதிகம். மூன்றே கால் மணி நேரம் தட்டச்சு செய்கிற தேர்வுக்கு இது பெரிய விஷயம். இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை, கீபோர்டை முழங்கை உயரத்துக்கு இறக்குவது, மௌஸைக் குறைத்து ஷார்ட்கட். மரத்துப்போக ஆரம்பித்ததுமே மருத்துவரிடம் சொல்லுங்கள், கூடுதல் நேரம் கேட்க அந்தக் கடிதம்தான் ஆதாரம். நீண்ட நேரம் உட்காரவும் கூடாது. ரத்தக்கட்டு அபாயம் கர்ப்பத்தில் கூடுதல். மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்.

பேரேடு | 11-01-2026, மாலை 4:20

பரீட்சையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். நிறையப் பேர் இடறுவது வேலையில்.

பாஸானதும் சம்பளம் ஏற வேறு இடம் தாவுவது வழக்கம். அதே நேரத்தில் கருத்தரித்தால் விடுப்புத் தகுதி அடிபடும். இந்தியாவில் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு வேண்டுமானால் முந்தைய 12 மாதத்தில் அந்த நிறுவனத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும், அது எளிது. பிரிட்டனில் சட்டப்படியான பேறுகாலச் சம்பளத்துக்கு, குழந்தை எதிர்பார்க்கும் வாரத்துக்கு முந்தைய 15-ஆவது வாரத்துக்குள் 26 வாரம் தொடர் வேலை. பின்னோக்கி எண்ணினால், கருத்தரிக்கும் முன்னரே அங்கே சேர்ந்திருக்க வேண்டும் என்றாகிறது. அமெரிக்காவில் கூட்டரசுச் சட்டத்தின் 12 வாரம் சம்பளமில்லாதது, அதற்கே 12 மாதமும் 1,250 மணி நேரமும் வேண்டும். ஆக "முதலில் சர்டிபிகேட், பிறகு புது வேலை, பிறகு குழந்தை" என்று போனால் ஒவ்வொன்றுக்கும் நடுவில் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஒளிந்திருக்கிறது. முடித்துவிட்டு அதே இடத்தில் இருந்து விடுப்பு எடுத்துத் திரும்பியபின் தாவுவது பலருக்கு மேல்.

நிறுவனம் ஃபீஸ் கட்டுகிறதென்றால் ஒப்பந்தத்தில் மூன்று வரியைத் தேடுங்கள். பாஸான பிறகு எத்தனை மாதம் இருக்க வேண்டும். அதில் பேறுகால விடுப்பு சேருமா. ஒரு சிட்டிங்கைத் தள்ளினால் அது தோல்வியாகக் கணக்கிடப்படுமா. மூன்றாவதற்கு வாய்மொழிப் பதில் போதாது, மின்னஞ்சலில் வாங்குங்கள்.

நாலுபாக்கி | 11-01-2026, இரவு 10:05

மூணாவது வரி எங்க ஒப்பந்தத்துல இல்லவே இல்ல. நாளைக்கே ஹெச்ஆர்-கிட்ட கேக்கறேன், ஏன்னு சொல்லாம.

இப்போதைய திட்டம்: ஜூன்ல எஸ்பிஆர், செப்டம்பர்ல ஏஏஏ. முயற்சியை ஜூலைல ஆரம்பிக்கிறோம், எதுக்கும் காத்திருக்கல. எஸ்பிஎல்லும் ஏஎஃப்எம்மும் (மேல்நிலை நிதி மேலாண்மை) வாரக் கணக்கு பாத்து.

இருப்பாய்வு | 12-01-2026, காலை 7:30

ஜூலைல உடனே ஆச்சுன்னா செப்டம்பர் ஏஏஏ சரியா குமட்டல் வாரத்துல. டிசம்பர் சிட்டிங் 20-ஆம் வாரத்தை ஒட்டியோ தாண்டியோ வரும். அதனால செப்டம்பருக்குப் பேர் குடுங்க, ஸ்டாண்டர்ட் கெடு தேதி வரைக்கும் வாபஸ் வாங்கற உரிமையைக் கையில வெச்சுக்கோங்க. ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் இப்பவே, ஜூலைக்குக் காத்திருக்க வேண்டாம்னுதான் டாக்டர்கள் சொல்வாங்க. உங்க டாக்டர்கிட்டயும் கேட்டுக்குங்க.

ஐந்தொகை | 12-01-2026, இரவு 11:40

2027-இல் ஏசிசிஏ பாடத்திட்டமே மாறுகிறது. இடைவெளி விடுபவர்கள், எந்தப் பழைய பேப்பர் எந்தப் புதியதற்கு ஈடாகும் என்ற அட்டவணையைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.

தணிக்கைக்காரி | 14-01-2026, மதியம் 2:10

ஏசிசிஏ மெம்பர்ஷிப்புக்கான பணி அனுபவக் கணக்கையும் விடாதீர்கள். 36 மாதம், ஒன்பது இலக்கு: ஐந்து கட்டாயம், நாலு தொழில்நுட்பம். பகுதிநேரமாகத் திரும்பினால் விகிதப்படிதான் சேரும். விடுப்பில் போகும் முன், செய்து முடித்த இலக்குகளை எழுதி மேற்பார்வையாளரின் ஒப்புதலை வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து வந்தால் அவர் வேறு நிறுவனத்தில் இருப்பார், புதியவர் பார்க்காத வேலைக்குக் கையெழுத்துப் போடமாட்டார். போடவும் கூடாது, தணிக்கைக்காரர் இல்லையா.

வருடச் சந்தா ஜனவரி 1-க்கு வரும், விடுப்பில் இருந்தாலும். கட்டாமல் விட்டால் பதிவேட்டில் இருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். திரும்பச் சேர்க்க நிலுவையெல்லாம் கேட்பார்கள். அலுவலக மின்னஞ்சலுக்கு நினைவூட்டல் வந்து, விடுப்பில் அது திறக்கப்படாமல் கிடக்கும். சொந்த மின்னஞ்சலை இன்றே மாற்றிக்கொள்ளுங்கள்.

நாலுபாக்கி | 14-01-2026, மதியம் 2:32

மாத்திட்டேன். இந்த வருஷத்துச் சந்தாவே இன்னும் கட்டல, இப்பதான் பாத்தேன்.